'முன்பே துவைத்த துணி' என்று விற்ற குவில்ட் கிட் பற்றிய புகார்

அனுப்புநர்:
தையல் தொழில் செய்யும் உங்கள் வாடிக்கையாளர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: குழந்தைக் குவில்ட் கிட்டில் வந்த பருத்தித் துணி சாயம் இறங்கியதும் சுருங்கியதும், இழப்பீடு கோருவதும் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் இணையக் கடையில் ரூ.1,850 கொடுத்து ஒரு குழந்தைக் குவில்ட் கிட் (நடுவில் பஞ்சு ஷீட் வைத்துத் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைக்கு, மேல்பக்கத் துணியைச் சதுரங்களாக வெட்டித் தரும் டப்பா) வாங்கினேன். டப்பாவின் மேல் 'முன்பே துவைத்த பருத்தித் துணி, சாயம் போகாது, அப்படியே தைக்கலாம்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். அந்த வாக்கை நம்பித் தைத்த குவில்ட், முதல் தண்ணீரிலேயே கெட்டுப்போனது. மெரூன் துண்டுகளின் சாயம் பக்கத்திலிருந்த ஆஃப் ஒயிட் துண்டுகளில் இறங்கிவிட்டது. போதாததற்கு மெரூன் மட்டும் சுருங்கி, தையல் எல்லாம் இழுத்துக்கொண்டு நிற்கிறது. ரசீது, டப்பாவின் படம், துவைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், உங்கள் ஊழியருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

நான் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து ஒட்டுத்துணிப் போர்வையும் குவில்ட்டும் தைத்து விற்கிறவள். வழக்கமாகத் துணியை மீட்டராக வாங்குவேன். நேரு வீதியில் வாங்கினாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் வாங்கினாலும் சரி, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதைத் தண்ணீரில் போடுவதுதான். இந்த முறை கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா, மகளுடைய பிரசவத்துக்காகக் குவில்ட் கேட்டார். நாள் குறைவாக இருந்தது. வெட்டிய துண்டுகளாகவே வருகிறதே, அதுவும் துவைத்தே வருகிறதே என்றுதான் உங்கள் கிட்டை வாங்கினேன். வெளிக்கடையில் அதே அளவு துணி இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். நான் கூடுதலாகக் கொடுத்தது நீங்கள் துவைத்து வெட்டிக் கொடுத்ததாகச் சொல்லும் வேலைக்குத்தான்.

டப்பாவைப் பிரித்ததுமே துணி மொடமொடவென்று இருந்தது. துவைத்த பருத்தி அப்படி இருக்காது. அதனால் தைப்பதற்கு முன்பே உங்கள் சேவைப் பிரிவுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். "துவைக்க வேண்டாம் மேடம், துவைச்சுத்தான் வெட்டியிருக்கோம், தைரியமா தைங்க" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை நீங்களே படித்துப் பாருங்கள்.

துணியை முன்கூட்டித் துவைப்பது எதற்கு என்பதை இங்கே எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் உங்கள் ஊழியர்கள் பேசியதைக் கேட்டால், அது ஏதோ அழுக்குப் போக்கும் வேலை என்று நினைத்திருப்பதாகத் தெரிகிறது. தறியில் பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், விறைப்பாக இழுபட்டுத்தான் நிற்கிறது. நெய்த பிறகும், சாயம் போடும்போதும், இஸ்திரி உருளையில் ஓடும்போதும் துணியை நீளவாக்கில் இழுத்துக்கொண்டே போகிறார்கள். அந்த இழுப்பைக் கஞ்சி பிடித்து வைத்திருக்கும். தண்ணீர் பட்டதும் கஞ்சி கரைந்து, நூல் ஊறித் தன் பழைய நிலைக்குத் திரும்பும். அதனால்தான் பருத்தித் துணி அகலத்தைவிட நீளத்தில் அதிகம் சுருங்குகிறது. சாதாரணப் பருத்தி 100க்கு 3 முதல் 5 வரை சுருங்கும். முடிப்பு வேலை சரியில்லாத துணி அதற்கு மேலும் போகும். இதைத் தடுக்கத்தான் துணியை ஆலையிலேயே ஈரமும் சூடும் கொடுத்து முன்கூட்டிச் சுருக்கும் சான்ஃபரைசிங் முறை 1930களிலேயே வந்துவிட்டது. ஒரு காலத்தில் மில் துணியின் கரையோரத்தில் 'சான்ஃபரைஸ்டு' என்ற முத்திரை இருக்கும். அதைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சட்டைத் துணி எடுப்பார்கள்.

ஒரு சட்டை முழுக்க ஒரே துணி என்றால், சுருங்கினாலும் ஒரே மாதிரி சுருங்கும். குவில்ட்டில் அப்படி இல்லை. பல துணிகள் கால் இஞ்ச் தையலில் ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன. ஒன்று சுருங்கி ஒன்று சுருங்காமல் நின்றால், சுருங்காத துணி புடைத்துக்கொள்ளும், தையல் கோணும். சாயமும் அப்படித்தான். தனியாக இருந்தால் கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான். குவில்ட்டில் அந்தச் சாயம் போய் ஒட்டிக்கொள்ள வெள்ளைத் துண்டு பக்கத்திலேயே இருக்கிறது. ஒருமுறை தைத்து, பஞ்சு ஷீட் வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டிவிட்டால் பிறகு எதையும் பிரித்து மாற்ற முடியாது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அடித்துணிக்கும் ஓரப்பட்டைக்கும் நான் எடுத்த வெள்ளை பாப்ளினை எப்போதும்போல இரவெல்லாம் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டு அலசினேன். நூல் பிரியாமல் இருக்க நான்கு மூலையையும் முன்பே சாய்வாக வெட்டிவிட்டேன். நிழலில் உலர்த்தி, லேசாக ஈரம் இருக்கும்போதே இழையை நேராக இழுத்துவிட்டு இஸ்திரி போட்டேன். உள்ளே வைத்த பஞ்சு ஷீட் பாலியஸ்டர், அது சுருங்காது. ஆக, தைத்து முடித்த குவில்ட்டில் தண்ணீர் பார்க்காத பருத்தி என்று ஏதாவது இருந்தால், அது உங்கள் கிட்டில் வந்தது மட்டும்தான்.

பச்சைக்குழந்தை படுக்கப்போகும் துணி என்பதால், கொடுப்பதற்கு முன் ஒருமுறை குளிர்ந்த தண்ணீரில் கையால் அலசினேன். வாளித் தண்ணீர் ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்துவிட்டது. உடனே எடுத்து, தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலசினேன். பிறகு விரித்து உலர்த்தினேன். காய்ந்த பிறகு பார்த்தால், ஆஃப் ஒயிட் துண்டின் நடுப்பகுதி கொஞ்சம் தப்பித்திருந்தது. தையல் ஓரத்தில்தான் கறை அடர்த்தியாக இருந்தது. அங்கே துணி மடிப்பு மடிப்பாக இருப்பதால் ஈரம் கடைசியில்தான் காயும். காயும்வரை சாயம் ஊறிக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு ஆஃப் ஒயிட் துண்டைச் சுற்றியும் ரோஸ் நிறத்தில் ஒரு சட்டம் போட்டதுபோல் விழுந்திருக்கிறது. மெரூனோடு மெரூன் சேரும் இடங்களில் துணி இறுகி, மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகி நிற்கின்றன.

நான் வாயால் சொல்வது போதாது என்று, கிட்டில் மீதி இருந்த துண்டுகளைச் சோதித்தும் பார்த்தேன். மெரூன் துண்டிலும் ஆஃப் ஒயிட் துண்டிலும் 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் பென்சிலால் வரைந்து, அலசி, காயவைத்து, மறுபடி அளந்தேன். மெரூன் ஒரு பக்கம் 9.5 சென்டிமீட்டர், மறு பக்கம் 9.8. ஆஃப் ஒயிட் இரண்டு பக்கமும் 9.9. ஒரே டப்பாவில் இரண்டு விதமாகச் சுருங்கும் துணியை வைத்திருக்கிறீர்கள். 45 இஞ்ச் நீளமுள்ள குவில்ட்டில் 100க்கு 5 என்றால் 2 இஞ்சுக்கு மேல். அதுவும் கரை வெட்டிய சதுரங்கள், எது பாவு, எது ஊடை (குறுக்கே ஓடும் நூல்) என்று குறிப்பே இல்லாமல் வருகின்றன. சில துண்டு நெடுக்கிலும் சில துண்டு குறுக்கிலும் சுருங்கினால் மூலை எப்படி நேராக நிற்கும்?

துவைக்காத ஆஃப் ஒயிட் துண்டு ஒன்றில், காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை ஒரு சொட்டு விட்டேன். கருநீலமாகிவிட்டது. கஞ்சி இருந்தால்தான் அப்படி ஆகும். நான் துவைத்து வைத்திருந்த பாப்ளினில் அதே சொட்டு பழுப்பாகவே நின்றது. துவைத்த பிறகு கஞ்சி போட்டோம் என்று நீங்கள் சொல்லலாம். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். நன்றாகத் துவைத்துக் காயவைத்த துணி, அடுத்த தண்ணீரில் 100க்கு 5 சுருங்குமா?

இதற்கு உங்கள் சேவைப் பிரிவு சொன்ன பதில்கள்தான் என்னை இந்தக் கடிதம் எழுதவைத்தன. முதலில், "பாண்டிச்சேரி தண்ணி உப்பு மேடம், அதனாலதான்" என்றார்கள். கேன் தண்ணீரில் இன்னொரு துண்டைப் போட்டு அந்தப் படத்தையும் அனுப்பினேன். அதிலும் சாயம் இறங்கியது. அப்புறம், உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்றார்கள். பருத்திக்கு இப்போது பெரும்பாலும் போடும் ரியாக்டிவ் சாயம், சாயத் தொட்டியில் சலவைச் சோடா சேர்க்கும்போதுதான் நூலோடு பிணைகிறது. அந்தத் தொட்டியில் உப்புப் போடுவது சாயத்தை நூல் பக்கம் தள்ளுவதற்கு. பிணையாமல் தங்கிய சாயத்தைச் சூடான சோப்புத் தண்ணீரில் முழுக்க அலசி எடுக்க வேண்டியது சாயப் பட்டறையின் வேலை. அந்த வேலையை அங்கே விட்டுவிட்டு, என் சமையலறை உப்பால் அதைச் சரிசெய்யச் சொல்கிறீர்கள். வினிகர் உதவுவது பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் அமிலச் சாயத்துக்கு. பருத்தியில் அது ஒன்றும் செய்யாது.

கடைசியாக, 'கைத்தறி என்றால் சாயம் இறங்கத்தான் செய்யும், அது இயல்பு' என்று எழுதினார்கள். இயல்பு என்றால் டப்பாவில் அப்படியே அச்சடித்திருக்க வேண்டும். 1960களில் மெட்ராஸ் செக் துணி அமெரிக்காவில் விற்றபோது, துவைக்கத் துவைக்கச் சாயம் இறங்கும் என்பதை மறைக்காமல் சொல்லியே விற்றார்கள். தெரிந்து வாங்கினவர்கள் அதை விரும்பியும் உடுத்தினார்கள். நீங்கள் அதற்கு நேர்மாறாகச் சொல்லி விற்றீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அப்பா இங்கே ரோடியர் மில் என்று சொல்லும் ஏ.எஃப்.டி. துணி மில்லில் வேலை பார்த்தவர். 1898இல் தொடங்கிய அந்த மில் 2020இல் மூடப்படும்வரை, எங்கள் தெருவில் துணியைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லக்கூடியவர்கள் நிறைய இருந்தார்கள். இந்த ஊரிலிருந்து அவுரி நீலம் தோய்த்த கினே துணி கப்பலேறி செனகல் வரை போயிருக்கிறது. சாயத்தோடும் தறியோடும் வாழ்ந்த ஊர்க்காரர்களிடம் 'உங்களுக்குத் துவைக்கத் தெரியவில்லை' என்ற தொனியில் பேசியது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. உங்கள் ஊழியர்களைக் குறை சொல்லவில்லை. எழுதிக் கொடுத்ததைத்தான் அவர்கள் படிக்கிறார்கள். அதை எழுதிக் கொடுத்தவர்கள் துணியை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இதில் முக்கியமானது வேறொன்று. மீட்டராக வாங்கிய துணியை நான் சந்தேகப்பட்டால் துவைத்துக்கொள்ளலாம். 5 இஞ்ச் சதுரமாக வெட்டிய துண்டை யாராலும் துவைக்க முடியாது. துவைத்தால் நான்கு பக்கமும் நூல் பிரிந்து, கால் இஞ்ச் தையலுக்கு விட்ட இடமே போய்விடும், துண்டும் கோணிக்கொள்ளும். அதாவது, வெட்டி விற்பதன் மூலம் வாங்குபவரின் கையில் இருந்த ஒரே பாதுகாப்பை நீங்கள் எடுத்துவிடுகிறீர்கள். அப்படி எடுத்த பிறகு, துவைத்துச் சுருக்கி, சாயம் நிற்கிறதா என்று பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது. சாய உறுதியை 1 முதல் 5 வரை தரம் போட்டுச் சொல்லும் சோதனை முறை எல்லாத் துணி ஆய்வகத்திலும் உண்டு. ஒவ்வொரு சாயத் தொகுதியிலும் ஒரு துண்டையாவது சோதித்தீர்களா என்று கேட்டேன். இதுவரை பதில் இல்லை.

மஞ்சக்குப்பத்து அம்மாவுக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பேரக்குழந்தையை அந்தக் குவில்ட்டில் சுற்றி வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும் என்று ஆசையாகச் சொல்லியிருந்தார். சாயம் விடும் துணியைக் குழந்தையின் தோலில் படவிட எனக்கு மனம் வரவில்லை.

எனவே, கிட்டின் விலை ரூ.1,850ஐ முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். அடித்துணி, பஞ்சு ஷீட், நூல் ஆகியவற்றுக்கு நான் செலவழித்த ரூ.920ஐயும் (பில் இணைப்பில் உள்ளது), தையல் கூலியாக நான் பேசியிருந்த ரூ.2,500ஐயும் ஈடுசெய்ய வேண்டும். கிட்டை மாற்றித் தருவதாகச் சொன்னதை நான் ஏற்கவில்லை. அதே தொகுதித் துணிதான் மறுபடி வரும். அதைவிட முக்கியமாக, இந்த மெரூன் தொகுதியை விற்பனையிலிருந்து நிறுத்துங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு, தைக்கும் முன்பே தகவல் கொடுங்கள். உண்மையாகவே துவைத்து வெட்டும்வரை டப்பாவிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டியது உங்கள் கடமை. தீர்வு வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். பிறகு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் புதுச்சேரியிலேயே வழக்குத் தொடுப்பேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே தொடுக்க அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

கறைபட்ட குவில்ட்டும், அளவு குறித்த துண்டுகளும், துவைக்காத மீதித் துண்டுகளும் என்னிடமே இருக்கின்றன. அவற்றைக் கூரியரில் அனுப்பச் சொல்ல வேண்டாம். உங்கள் ஆள் யாரையாவது அனுப்பினால் வீட்டில் வைத்தே காட்டுகிறேன். வருவதற்கு முதல் நாள் போன் செய்யச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.