நியூரம்பெர்க் செல்வோர் அந்த ஊர்ச் சாப்பாட்டையும் சாப்பிடட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரைப் பற்றி வெளிவந்த பயணக் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். மேட்டின் மேல் நிற்கும் பேரரசர் கோட்டை, ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் வாழ்ந்த வீடு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நீதிமன்ற அறை ஆகியவற்றைக் கட்டுரையாளர் பொறுப்போடு விவரித்திருந்தார். ஆனால் சாப்பாட்டைப் பற்றி எழுதும்போது மட்டும், புளிக்காய்ச்சலும் உடனடி உப்புமாப் பொட்டலமும் கையோடு கொண்டு போக வேண்டும், மற்றபடி இந்திய உணவகம் எங்கே என்று விசாரித்துக்கொள்ள வேண்டும் என்ற அளவில் நிறுத்திவிட்டார். இந்த அறிவுரையை என்னால் ஏற்க முடியவில்லை. நியூரம்பெர்க் தன் சமையலாலும் பெயர் பெற்ற ஊர். அங்கே போய்விட்டு அதன் உணவு விடுதிகளில் ஒன்றில்கூட உட்காராமல் திரும்புவது ஊரைப் பாதி பார்த்ததற்குச் சமம். சைவம் சாப்பிடுகிறவர்களும் அங்கே நிறைவாகச் சாப்பிடலாம். எதைக் கேட்க வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்பது மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

என் மகள் நியூரம்பெர்க்கை அடுத்துள்ள எர்லாங்கனில் வேலை பார்ப்பதால் நானும் என் கணவரும் அங்கே சென்று தங்கி வருகிறோம். நான் முட்டை சேர்த்துக்கொள்ளும் சைவம். அவர் அசைவம் சாப்பிடுபவர், அளவாக பீரும் அருந்துபவர். ஆகவே இரு தரப்பினருக்கும் பயன்படும்படி எழுதலாம் என்ற துணிவில் இதை எழுதுகிறேன்.

அந்த ஊரின் அடையாளம் விரல் அளவேயான வறுத்த தொத்திறைச்சி. நீளம் 7 முதல் 9 சென்டிமீட்டர், எடை 20 முதல் 25 கிராம் என்பது விதி. நகர எல்லைக்குள் செய்தால்தான் நியூரம்பெர்க் பெயரில் விற்கலாம் என்று 2003ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பும் அளித்திருக்கிறது. உள்ளே இருப்பது பன்றி இறைச்சி, மேல் தோல் ஆட்டுக் குடல், வாசனைக்கு மார்ஜோரம் என்னும் மூலிகை. பன்றி இறைச்சியை விலக்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு விலகிவிடலாம். சாப்பிடுகிறவர்கள் செபால்டு தேவாலயத்துக்கும் நகர மன்றத்துக்கும் அருகிலுள்ள பிராட்வுர்ஸ்ட்ஹாய்ஸ்லே என்ற விடுதிக்கோ, 1419ஆம் ஆண்டு முதல் நடந்து வருவதாகச் சொல்லும் சும் குல்டன் ஷ்டெர்ன் என்ற விடுதிக்கோ போக வேண்டும். பீச் மர விறகின் தணலில், நீண்ட இரும்புக் கம்பித் தட்டின் மேல் வரிசை வரிசையாகத் தொத்திறைச்சிகள் கிடக்கும். வறுப்பவர் இடுக்கியால் அவற்றை ஓயாமல் புரட்டிக்கொண்டே இருப்பார். கொழுப்பு சொட்டும்போதெல்லாம் சுடர் எழுந்து அடங்கும். ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்ற கணக்கில் வெள்ளீயத் தட்டில் வைத்துத் தருவார்கள். உடன் புளித்த முட்டைகோஸோ உருளைக்கிழங்கு சாலடோ, காரத்துக்குக் குதிரை முள்ளங்கித் துருவலோ வரும். நேரம் இல்லாதவர்கள் தெருக்கடையில் ஒரு ரொட்டிக்குள் மூன்றை வைத்துத் தருவதை வாங்கி நின்றபடியே சாப்பிடலாம். இதே தொத்திறைச்சியை வறுக்காமல் வெங்காயமும் வினிகரும் சேர்ந்த சாற்றில் வேகவைத்தும் தருகிறார்கள். புளிப்பு விரும்பும் என் கணவர் வறுத்ததைவிட இதையே உயர்வாகச் சொல்கிறார்.

சைவர்களுக்கு வருகிறேன். இங்கேதான் எச்சரிக்கை அதிகம் தேவை. கட்டுரையாளர் விரிவாக எழுதியிருக்க வேண்டிய பகுதியும் இதுதான். பார்வைக்குச் சைவமாகத் தோன்றும் பல பண்டங்கள் அங்கே சைவமல்ல. புளித்த முட்டைகோஸைப் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பிலோ உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டுகளுடனோ வேகவைக்கிறார்கள். தென் ஜெர்மனியின் உருளைக்கிழங்கு சாலடில் மயோனைசுக்குப் பதிலாக இறைச்சிச் சாறு ஊற்றும் வழக்கம் உண்டு. சிவப்பு முட்டைகோஸ் பொரியலிலும் கொழுப்பு சேரலாம். பருப்பு சூப் என்று ஆசையாகக் கேட்டால் அதில் தொத்திறைச்சித் துண்டு மிதக்கக்கூடும். உப்புத் தூவிய பிரெட்செல் என்னும் முறுக்கு வடிவ ரொட்டியில்கூடச் சில இடங்களில் பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்கள். எனவே ‘வெகெடாரிஷ்’ (சைவம்) என்று சொன்னதோடு நிற்காமல், கொழுப்பும் இறைச்சிச் சாறும் சேர்ந்திருக்கிறதா என்று தனியாகக் கேட்பது நல்லது. கேட்டால் முகம் சுளிப்பதில்லை. உள்ளே போய்ச் சமையற்காரரிடம் விசாரித்து வந்து பதில் சொல்கிறார்கள். உணவுப் பட்டியலில் ஒவ்வொரு பண்டத்துக்கும் பக்கத்தில் சிறு எழுத்துகளும் எண்களும் அச்சிட்டிருப்பார்கள். ஐரோப்பியச் சட்டப்படி ஒவ்வாமை தரும் 14 வகைப் பொருள்களைத் தெரிவிக்க வேண்டியிருப்பதால் முட்டை, பால், கடுகு, எள் முதலியவற்றை அதைக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். இறைச்சி அந்தப் பதினான்கில் வராது என்பதால் அதை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவையும் கடந்து என்ன மிஞ்சும் என்று வாசகர்கள் கவலைப்பட வேண்டாம். துருவிய உருளைக்கிழங்கைப் பிழிந்து உருட்டி வேகவைக்கும் க்ளோஸ் என்ற பெரிய உருண்டை அந்த வட்டாரத்தின் முக்கிய உணவு. வழக்கமாக அதன் மேல் இறைச்சிக் குழம்பை ஊற்றுவார்கள். அதற்குப் பதிலாகப் பாலேடு சேர்ந்த காளான் குழம்புடன் பல விடுதிகளில் கிடைக்கிறது. கத்தியால் வெட்டாமல் முள்கரண்டியால் பிளந்தால் நடுவில் நெய்யில் வறுத்தது போன்ற ரொட்டித் துண்டுகள் பொன்னிறமாக இருக்கும். பிளந்த இடத்தில் குழம்பு இறங்கி ஊறிய பிறகு சாப்பிட வேண்டும். முட்டை சேர்த்துக்கொள்பவர்களுக்குப் பாலாடைக்கட்டி உருக்கி, பொரித்த வெங்காயம் தூவிய ஷ்பெட்ஸ்லே நூடுல்ஸ் இருக்கிறது. அது வயிற்றை நிரப்பிவிடும் என்பதால் இருவருக்கு ஒரு தட்டு போதும். கனிந்த பாலாடைக்கட்டியை வெண்ணெய், வெங்காயம், பாப்ரிகா என்னும் காரம் குறைந்த மிளகாய்த்தூள் சேர்த்துப் பிசைந்து தரும் ஒபாட்ஸ்டாவை ரை என்னும் தானியத்தில் செய்த ரொட்டியில் தடவிச் சாப்பிடலாம். அந்த ரொட்டியிலேயே கேரவே சீரகம், கொத்தமல்லி விதை, பெருஞ்சீரகம் எல்லாம் சேரும். அதனால் நம் நாக்குக்கு அது அந்நியமாகவே இருப்பதில்லை.

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் 24 வரை அங்கே இருப்பவர்கள் வெள்ளை அஸ்பாரகஸை அவசியம் சாப்பிட வேண்டும். நியூரம்பெர்க், ஃபுர்த், எர்லாங்கன் மூன்றுக்கும் நடுவே க்னோப்லௌக்ஸ்லாண்ட் என்ற பரந்த காய்கறிப் பூமி இருக்கிறது. ரயிலில் போகும்போதே பாத்தி பாத்தியாகத் தெரியும். அந்தத் தோட்டங்களில் காலையில் வெட்டியது மதியம் விடுதிக்கு வந்துவிடும். மண்ணால் மூடியே வளர்ப்பதால் வெயில் படாமல் வெண்மையாக இருக்கும் அந்தத் தண்டை, தோல் சீவி வேகவைத்து, உருக்கிய வெண்ணெயும் புது உருளைக்கிழங்கும் சேர்த்துத் தருகிறார்கள். பக்கத்தில் பன்றித் தொடை இறைச்சி வைக்கும் வழக்கம் இருப்பதால் அது வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். அந்த ஊரில் நான் சாப்பிட்டவற்றில் இதற்கே முதலிடம் தருவேன்.

மீன் சாப்பிடுகிறவர்கள் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் சென்றால் ஆய்ஷ்கிரண்ட் வட்டாரத்துக் குளங்களில் வளர்த்த கெண்டையைப் பாதியாகப் பிளந்து, மாவில் தோய்த்து, மொறுமொறுப்பாகப் பொரித்துத் தருவதைக் கேட்கலாம். முள் இருக்கும், நம்மவர்களுக்கு அது பெரிய காரியமல்ல.

இனிப்பில், தேனும் வாசனைப் பொருள்களும் சேர்த்துச் சுடும் பிஸ்கட் போன்ற லெப்கூகனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். அங்கே இந்தத் தொழிலைச் செய்தவர்களைப் பற்றிய பதிவு 1395ஆம் ஆண்டிலேயே கிடைக்கிறது. ஊரைச் சுற்றியிருந்த பேரரசர் காட்டிலிருந்து தேன் வந்தது; வெனிஸ் வழியாக வாசனைப் பொருள்கள் வந்தன. நியூரம்பெர்க் வணிகர்களுக்கு மிளகின் மேலிருந்த நாட்டம் எவ்வளவு என்றால், 1505ஆம் ஆண்டில் போர்ச்சுக்கல்லிலிருந்து பிரான்சிஸ்கோ டி அல்மெய்டா தலைமையில் இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்பல் கூட்டத்தில் அந்த ஊரின் ஹிர்ஷ்ஃபோகல், இம்ஹோஃப் குடும்பங்கள் பணம் போட்டிருந்தன. நம் பக்கத்து மலபார்க் கரையின் மிளகையும் இஞ்சியையும் குறிவைத்துப் போட்ட முதலீடு அது. இன்றைக்கும் ஒரு லெப்கூகன் கடைக்குள் நுழைந்தால் ஏலமும் கிராம்பும் பட்டையும் சுக்கும் கலந்து, தீபாவளி மருந்து கிளறுகிற வீட்டின் வாசனைதான் எதிரே வருகிறது. அவற்றுள் உயர்ந்த ரகம் எலிசன் லெப்கூகன். அதில் பாதாம், ஹேசல்நட், வால்நட் இவை நூற்றுக்கு 25 பங்குக்குக் குறையக் கூடாது, மாவு 10 பங்குக்கு மிகக் கூடாது என்பது ஜெர்மனியின் உணவு விதி. முட்டை உண்டு, முட்டையையும் விலக்குகிறவர்கள் வேறு ரகங்களின் உறையைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். அழகிய தகர டப்பாவுக்குக் கொடுக்கிற பணத்தைவிட, கடையில் தனித்தனியாக விற்கும் புதிய லெப்கூகனுக்குக் கொடுப்பதே மேல்.

குடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோட்டைக்குக் கீழே மணற்பாறையில் குடைந்த நிலவறைகள் அடுக்கடுக்காகச் செல்கின்றன. பீர் வடித்து விற்க விரும்புகிறவர் சொந்தமாக நிலவறை வைத்திருக்க வேண்டும் என்று 1380ஆம் ஆண்டிலேயே நகர்மன்றம் ஆணையிட்டது. குளிர்சாதனம் இல்லாத காலத்தில் பீரைப் புளிக்கவைக்கவும் சேமிக்கவும் அந்தக் குளிர்ச்சி தேவைப்பட்டது. போர்க்காலத்தில் அதே அறைகள் குண்டு வீச்சிலிருந்து மக்களைக் காத்தன. 1945 ஜனவரி 2 அன்று நடந்த குண்டு வீச்சில் பழைய நகரம் ஏறத்தாழ முழுவதும் அழிந்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் படிகளில் இறங்கினால் மனம் கனக்கிறது. வழிகாட்டியோடு அதைப் பார்த்துவிட்டு, பெர்க்ஷ்ட்ராஸே தெருவிலுள்ள ஆல்ட்ஷ்டாட்ஹோஃப் வடிப்பகத்தில் அந்த ஊருக்கே உரிய சிவப்பு பீரை அருந்தலாம். குடிக்காதவர்களுக்கு ஆப்பிள் சாற்றில் சோடா கலந்த ஆப்ஃபெல்ஷோர்லேயும் ஆல்கஹால் இல்லாத பீரும் எங்கும் உண்டு. நம் ஊரில் உட்கார்ந்தவுடன் தண்ணீர் வைப்பார்கள். அங்கே தண்ணீரும் பணம் கொடுத்து வாங்குவதுதான், அதுவும் சொல்லாவிட்டால் வாயு கலந்ததாக வரும். ‘ஷ்டில்’ என்று சொன்னால் வாயு இல்லாத தண்ணீர் கிடைக்கும்.

பெக்னிட்ஸ் ஆற்றின் மேல் வளைவுகளைக் கட்டி எழுப்பிய ஹைலிக் கைஸ்ட் ஷ்பிடால், 14ஆம் நூற்றாண்டில் ஏழைகளுக்கும் முதியோருக்கும் என்று ஒரு செல்வர் நிறுவிய மருத்துவ இல்லம். அங்கேயும் இப்போது உணவகம் நடக்கிறது; பெரியவர்களை அழைத்துச் செல்ல ஏற்ற, நிதானமான இடம். டிசம்பரில் செல்வோர் 24ஆம் தேதி வரை நடக்கும் கிறிஸ்துமஸ் சந்தையில் சூடான ஒயினோ, குழந்தைகளுக்கான மது கலக்காத பழச்சாறோ வாங்கலாம். கோப்பைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கும்போது தந்துவிடுவார்கள்.

சில நடைமுறைகளையும் குறிப்பிடுகிறேன். பல விடுதிகளில் மதியத்துக்கும் இரவுக்கும் இடையே அடுப்பு அணைந்திருக்கும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு. ஞாயிறன்று ரயில் நிலையக் கடைகள் போன்ற சில தவிர மளிகைக் கடைகள் திறப்பதில்லை. சிறிய இடங்களில் ரொக்கம் கேட்கலாம். இடம் இல்லாதபோது முன்பின் தெரியாதவர்களின் மேசையில், கேட்டுவிட்டு உட்காருவது அங்கே இயல்பு. ஆனால் வழக்கமாக வரும் வாடிக்கையாளர்களுக்கென்று பெயர்ப் பலகை வைத்த மேசையில் உட்காரக் கூடாது.

சென்னையிலிருந்து வந்த சுற்றுலாக் குழு ஒன்றை ஹாப்ட்மார்க்ட் சதுக்கத்தில் ஒரு முறை பார்த்தேன். நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் தேவாலயக் கடிகாரத்தில் பேரரசரைச் சுற்றிப் பொம்மைகள் வலம் வருவதைப் பார்த்து முடித்ததும், வெயிலும் காற்றும் இதமாக இருந்த அந்த வேளையில், எல்லாரையும் பேருந்துக்கு அழைத்துப் போய்ப் பொட்டலச் சாதத்தைக் கொடுத்தார்கள். இரண்டு தெரு தள்ளி விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சந்தையில் க்னோப்லௌக்ஸ்லாண்டின் முள்ளங்கியும் ஸ்ட்ராபெரியும் குவிந்திருந்தன. கையிலிருந்த பொட்டலத்தைப் பிரிக்காமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, இங்கே நமக்குச் சாப்பிட ஒன்றுமே இல்லையாமே என்று என்னிடம் கேட்டார். யாரோ சொன்னதை அவர் நம்பியிருந்தார். மருத்துவக் காரணத்தாலோ ஆசாரத்தாலோ வெளியே சாப்பிடாதவர்களை நான் குறை சொல்லவில்லை. சாப்பிட விருப்பமுள்ளவர்களுக்கு வழி சொல்லாமல் விடுவதைத்தான் குறை என்கிறேன்.

கோடை விடுமுறையில் ஐரோப்பா செல்லும் குடும்பங்கள் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே திட்டமிடத் தொடங்கிவிடுகின்றன. அதற்கு முன்பாகத் தங்கள் பயணப் பக்கத்தில், இறைச்சி, முட்டை, மது பற்றிய தெளிவான குறிப்புகளோடு, அந்தந்த ஊரின் உணவு விடுதிகளைப் பற்றிய கட்டுரைகளையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை – 600 033.