பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண்

கோத்தகிரி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து கோயில் வரை நடந்து போய் வருகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். ஊட்டிக்கும் கூடலூருக்கும் ஆடியில் கொட்டுகிற மழை எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் வரும் என்று உனக்குத் தெரியுமே, இந்த வருஷமும் அப்படித்தான். துணி காயவில்லை, ஆனால் தேயிலை நன்றாகக் கொழுந்து விட்டிருக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்கிறது என்கிறாய், அந்தப் பெயரை எதை வைத்து நம்புகிறாய்?" என்று எழுதியிருந்தாய். வாழ்நாள் முழுக்கப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவள் கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு வரியில் சொல்வதானால், அந்தப் பெயர் சரியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று பெயரோடு சேர்ந்து வரும் எண்ணை வைத்துத்தான் நம்புகிறேன். அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்வது பெரிய தவறு என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். உன்னிடம் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும்.

முதலில் படங்களைப் பற்றிச் சொல்கிறேன். இந்தப் பக்கம் பறவை பார்க்கிறவர்கள், சிறு தேயிலை விவசாயிகள், என்னைப் போல ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று சிலர் சேர்ந்து, அவரவரிடம் இருந்த படங்களை ஒரே இடத்தில் சேர்த்தோம். பழைய பிலிம் சுருளிலிருந்து ஸ்கேன் செய்தது, செல்போனில் எடுத்தது, தோட்டத்து எல்லையில் சொந்த நிலத்தில் கட்டி வைத்த தானியங்கி கேமராவில் விழுந்தது, எல்லாம் கலந்து ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. கரடி எந்த ஓடை வழியாக வருகிறது, காட்டெருமைக் கூட்டம் எந்த மாதம் எந்தச் சரிவில் இறங்குகிறது, சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) பரவுவதற்கு முன்னால் அந்தப் புல்வெளி எப்படி இருந்தது என்பதற்கெல்லாம் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. தேடி எடுக்கத்தான் வழியில்லாமல் இருந்தது. ஃபோல்டருக்கு "மழைக்காலம்", "மாமா கொடுத்தது" என்று பெயர் வைத்தால் கரடியை எங்கே போய்த் தேடுவது? கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் மகன் வந்து ஒரு புரோகிராம் போட்டுக் கொடுத்த பிறகுதான் வேலை நகர்ந்தது.

படத்துக்குக் கம்ப்யூட்டரே பெயர் சொல்லும் இந்த வேலையின் ஆரம்பகாலத்தைப் படித்தால் உனக்கு ரொம்பப் பிடிக்கும். 2002-ல் பினார் துய்குலுவும் கூட்டாளிகளும் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். கையில் 4,500 படங்கள், ஒவ்வொன்றுக்கும் மனிதர்கள் எழுதி வைத்த நாலைந்து சொற்கள். "புலி, புல், தண்ணீர்" என்று இருக்கும், ஆனால் படத்தின் எந்தப் பகுதி புலி என்று யாரும் குறித்திருக்க மாட்டார்கள். படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, நிறம், வடிவம், இழைநயம் ஒத்த துண்டுகளை 500 வகைகளாகத் தொகுத்தார்கள். எந்த வகைத் துண்டு எந்தச் சொல்லுக்கு உரியது என்பதை, நீ கரும்பலகையில் போட்டுக் காட்டுவாயே, ஊகிப்பதும் ஊகத்தைத் திருத்துவதுமாக மாறி மாறிப் போகும் அந்த ஈ.எம். முறையில் கண்டுபிடித்தார்கள். முதலில் எந்தத் துண்டுக்கு எந்தச் சொல் என்று உறுதியாகத் தெரியாது. மஞ்சளும் கறுப்புமாக வரியோடிய துண்டு வருகிற படங்களில் "புலி" திரும்பத் திரும்ப வருவதால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த இணைப்பின் எடை கூடிக்கொண்டே போகும். அடுத்த வருஷமே டேவிட் ப்ளெய்யும் மைக்கேல் ஜோர்டனும் படத்துக்கும் சொற்களுக்கும் பொதுவாக மறைந்து கிடக்கும் கருப்பொருள்களைக் கண்டெடுக்கும் கணித மாதிரி ஒன்றை அமைத்தார்கள். 2006-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜியா லீயும் ஜேம்ஸ் வாங்கும், யார் எந்தப் படத்தைப் போட்டாலும் உடனே சொற்களைப் பரிந்துரைக்கும் ஏற்பாட்டைப் பொதுமக்களுக்கே திறந்து விட்டார்கள்.

அதற்கு அப்புறம் நியூரல் நெட்வொர்க் காலம், அதாவது ஏராளமான படங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் கணக்கு வலைகளின் காலம். படத்துக்குப் பெயர் சொல்லும் 2012 இமேஜ்நெட் போட்டியில் கிரிஷெவ்ஸ்கி, சுட்ஸ்கெவர், ஹின்டன் மூவரின் வலை, ஐந்து ஊகங்களுக்குள் சரியான பெயரைச் சொல்லத் தவறிய படங்கள் 15.3 சதவீதம். இரண்டாவதாக வந்தவர்களுக்கு அது 26.2. 2021-ல் வந்த கிளிப் என்கிற வலை 40 கோடிப் படங்களையும் அவற்றோடு இருந்த வாசகங்களையும் வைத்துப் பழகியது. எங்கள் புரோகிராம் அந்த வம்சம்தான். பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தால், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு எண் தரும், எல்லாம் கூட்டினால் ஒன்று வரும். பழசோ புதுசோ, இந்த ஒரு குணம் மட்டும் மாறவில்லை.

இப்போது ஒரு படத்தைச் சொல்கிறேன். நீலகிரியில் இருக்கும் முக்குருத்தி தேசியப் பூங்காப் பக்கம் அனுமதியோடு போனவர் எடுத்தது. பாதிப் படம் மூடுபனி. கீழே ஈரமான பாறை விளிம்பு, அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு உருவம், தலை திரும்பியிருக்கிறது, கொம்பு பின்னால் வளைகிறதா என்பதே சரியாகத் தெரியவில்லை. புரோகிராம் சொன்னது: வெள்ளாடு 0.55, மான் 0.20, வரையாடு 0.15, மீதி சில்லறை. முதலில் வந்த பெயரை மட்டும் சேமித்திருந்தால் இந்தப் படம் "வெள்ளாடு" என்று போய்ச் சேர்ந்திருக்கும். நாளைக்கு யாராவது வரையாடு என்று தேடினால் கண்ணிலேயே படாது. எண்களையும் சேர்த்து வைத்திருந்ததால், தேடும்போது நிகழ்தகவு வரிசையில் மூன்றாம் பக்கத்திலாவது வந்து நிற்கிறது. தேடுகிறவருக்கு அது போதும். பார்த்து முடிவு செய்ய மனிதக் கண் இருக்கிறதே.

அது எப்படி வெள்ளாடு ஆனது என்று யோசி. இணையத்தில் வெள்ளாட்டுப் படங்கள் மலிந்து கிடக்கின்றன, வரையாடு அபூர்வம். அதைப் பார்த்துப் பழகியதற்கு எந்தச் சந்தேகத்திலும் கை வெள்ளாட்டுப் பக்கம்தான் போகும். முன்பே இருந்த வாய்ப்பையும் புதிய சாட்சியத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும் உன் பேயீஸ் தேற்றத்தை இங்கே போட்டுப் பார். மானை இப்போதைக்கு விட்டுவிடு. வெள்ளாட்டுக்கும் வரையாட்டுக்கும் விடையில் உள்ள விகிதம் 11-க்கு 3. பழகிய படங்களில் இரண்டும் 20-க்கு 1 என்று இருந்ததாக வைத்துக்கொள். அதை வகுத்து எடுத்தால் 11-க்கு 60. அதாவது படத்தில் இருக்கும் சாட்சியம் மட்டும் வரையாட்டின் பக்கம் ஐந்து மடங்குக்கு மேல் பேசுகிறது! அந்தப் பாறைச் சரிவில் இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று வைத்தாலே வரையாட்டுக்குக் கிட்டத்தட்ட 85 சதவீதம் வந்துவிடும். அங்கே வெள்ளாடு மேய்வதில்லை என்று தெரிந்தவர்கள் இன்னும் கூட்டிச் சொல்வார்கள். படம் எடுத்த இடமும் உயரமும் மாதமும் தெரிந்தால் இந்தக் கணக்கை எல்லாப் படங்களுக்கும் போடலாம், நாங்கள் போட்டுக்கொண்டிருக்கிறோம். மலையை அறிந்தவர்களின் அறிவு கணக்குக்குள் நுழைகிற வாசல், படத்தைப் பார்ப்பதற்கு முன்பே வைக்கும் வாய்ப்பான இந்த முன் நிகழ்தகவுதான். அதனால்தான் இதில் எனக்கு இவ்வளவு ஆர்வம்.

எண்ணிக்கைக்கும் இது உதவுகிறது. நூறு படங்களில் ஒவ்வொன்றுக்கும் கரடி 0.3 என்று வந்து, வேறு பெயர் முதலிடத்தில் இருந்தால், முதல் பெயரை எண்ணுகிறவருக்குக் கரடிப் படம் பூஜ்யம். எண்களைக் கூட்டுகிறவருக்கு முப்பது. எண்கள் உண்மையானவை என்றால் முப்பதுதான் உண்மைக்கு அருகில்.

"உண்மையானவை என்றால்" என்று படித்ததும் உன் புருவம் உயர்ந்திருக்கும். 0.9 என்று சொன்ன படங்களில் பத்துக்கு ஒன்பது சரியாக இருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. இன்றைய ஆழமான வலைகள் பெயரைச் சரியாகச் சொன்னாலும் தங்கள் மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்கின்றன என்று 2017-ல் சுவான் குவோவும் கூட்டாளிகளும் காட்டினார்கள். மருந்தும் அவர்களே சொன்னார்கள்: வலை நிகழ்தகவாக மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பெயருக்கும் போடும் மதிப்பெண்களை ஒரே ஒரு எண்ணால் வகுத்து, அதன் அதீத உறுதியின் சூட்டைத் தணிப்பது. வரிசை மாறாது, அளவுக்கு மீறிய உறுதி மட்டும் இறங்கும். அந்த ஒரு எண்ணைக் கண்டுபிடிக்க, மனிதர்கள் சரிபார்த்த படங்கள் வேண்டும். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலையிலேயே தலை நரைத்த ஒரு அக்கா இருக்கிறார். காட்டெருமையா, தோடர் எருமையா என்று புரோகிராம் குழம்பிய படங்களை அவரிடம் காட்டினோம். அவர் முதலில் காலைத்தான் பார்த்தார். காட்டெருமைக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டிய மாதிரி இருக்கும், தோளிலிருந்து முதுகு மேடாக எழும்பி நடுமுதுகில் சட்டென்று இறங்கும். தோடர் எருமைக்கு அந்த மேடு கிடையாது, கொம்பு அகலமாகப் பிறை போல வளைந்து நிற்கும். ஒரு படத்தில் கால்கள் தேயிலைச் செடிக்குள் மறைந்து, கொம்பைப் பனி மூடி, நடு உடம்பு மட்டும் தெரிந்தது. அவர் நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல சொல்ல முடியாதும்மா" என்றார். புரோகிராம் அந்தப் படத்துக்குக் கொடுத்திருந்தது இரண்டு பெயருக்கும் ஏறக்குறைய சமம். சரிபார்க்கும் தாளில் "சொல்ல முடியாது" என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும் என்று எனக்கு அப்போதே தோன்றியது, சேர்த்துவிட்டோம்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஒரு காட்டெருமை கேமரா முன்னால் நின்றுவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாக ஏகப்பட்ட படங்கள் விழும். அவற்றைக் கலைத்துப் பாதியைப் பழக்கத்துக்கும் பாதியைப் பரீட்சைக்கும் கொடுத்தால், கேள்வித்தாளை முன்கூட்டியே கொடுத்த கதைதான். தேர்ச்சி அமோகமாக இருக்கும், ஒன்றுக்கும் உதவாது. 2018-ல் சாரா பீரியும் கூட்டாளிகளும் இதை ஆராய்ந்தார்கள். பழகிய இடத்தில் நன்றாகப் பெயர் சொல்கிற வலைகள், பார்த்திராத இடத்துப் படங்களில் வெகுவாகச் சறுக்குகின்றன. பின்னணியையும் சேர்த்துக் கற்றுக்கொள்வதுதான் காரணம். வரையாட்டுப் படம் எல்லாம் பாறையோடு இருந்தால் பாறையே வரையாடு ஆகிவிடும். அதனால் ஒரு கேமரா இடத்தை முழுசாகப் பழக்கத்திலிருந்து விலக்கி, பரீட்சைக்கு மட்டும் வைக்கிறோம்.

இவ்வளவு பாடு எதற்கு, உட்கார்ந்து பார்த்துவிடலாமே என்று உன் வீட்டுக்காரர் கேட்பார். 2018 அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து விழுந்த படங்கள் 3,48,58,623. அதில் புலி 76,651, சிறுத்தை 51,777. மீதியில் புல் அசைந்ததும் மாடு போனதும் எவ்வளவோ. மனிதக் கண்ணால் மட்டும் ஆகிற காரியமா? அதே வருஷம் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி காட்டுயிர்ப் பகுதியின் 32 லட்சம் படங்களை வைத்து வந்த ஆய்வு நான் சொல்வதற்கு நல்ல துணை. வலை தனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மனிதர்களிடம் தள்ளினால், 99.3 சதவீத வேலையை அதுவே முடிக்கும், சரித்தன்மையோ அந்தப் படங்களுக்குப் பெயர் சொன்ன தன்னார்வலர்களின் 96.6 சதவீதத்துக்குக் குறையாது. எண்ணைக் கையில் வைத்திருந்ததால்தான் அந்தப் பங்கீடே சாத்தியமானது.

மனிதர்கள் விழுந்த படங்களை மட்டும் நாங்கள் தேடலில் சேர்ப்பதே இல்லை. விறகு பொறுக்கப் போகிற பெண்ணின் முகம் யாருடைய தேடலுக்கும் கிடைக்கக் கூடாது. ஆள் இருக்கலாம் என்று லேசாகச் சந்தேகம் வந்தாலும் படம் ஒதுங்கிவிடும். ஆள் என்று ஒதுக்குவதற்கான எல்லைக்கோட்டை இங்கே வேண்டுமென்றே மிகத் தாழ்வாகப் போட்டிருக்கிறோம், பத்து கரடிப் படம் தப்பினாலும் பரவாயில்லை.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. அடுத்து சரிபார்க்க எந்தப் படங்களைக் கொடுப்பது என்று எங்களுக்குள் விவாதம். மிகவும் குழம்பிய படங்களை மட்டும் கொடுத்தால் புரோகிராம் சீக்கிரம் தேறும் என்கிறான் அண்ணன் மகன். அது சரிதான். ஆனால் குழம்பியதை மட்டும் பார்த்தால், 0.9 என்று சொன்னவை நிஜமாகவே பத்துக்கு ஒன்பது சரியா என்று எப்படித் தெரியும்? நிகழ்தகவை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் குலுக்கல் முறையில் கொஞ்சம், அதற்கு மேல் குழம்பியதில் கொஞ்சம் என்று கலந்து எடுக்கலாம் என்பது என் எண்ணம். எந்த அடுக்கில் எத்தனை எடுத்தால் பிழை வீச்சு குறையும் என்று நீ கணக்குப் போட்டுத் தர வேண்டும். கேமரா வாரியாகப் பட்டியலைத் தனியே அனுப்புகிறேன். ஒரே கேமராவின் தொடர் படங்களைத் தனித்தனி என்று எண்ணிவிடாதே, அவற்றை ஒரு நிகழ்வாகச் சேர்த்துக் குறித்திருக்கிறேன்.

தை பிறந்ததும் மழை விட்டிருக்கும். பேத்தியை அழைத்துக்கொண்டு வா, கணக்கை இங்கேயே உட்கார்ந்து போடலாம். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் கோத்தகிரிக்காரி