கவினுக்கு, கிளெப் தேர்வு பற்றி

அன்புள்ள கவின்,

நீ அனுப்பிய பட்டியலை நானும் அப்பாவும் பார்த்தோம். வகுப்பில் உட்காராமலே தேர்வு எழுதிக் கல்லூரி கிரெடிட் வாங்குகிற கிளெப் தேர்வுகளில் நான்கை இந்த செமஸ்டர் முடிவதற்குள் எழுதப் போகிறாய். அமெரிக்க வரலாறு இரண்டு பாகம், அமெரிக்க அரசாங்கம், சமூகவியல் என்று டிகிரிக்குச் சேர்க்க வேண்டிய பாட அலகுகளில் மொத்தம் 12 கிரெடிட். மூன்றரை வருடத்தில் டிகிரியை முடித்தால் ஒரு செமஸ்டர் கட்டணம் மிச்சம் என்று கடைசியில் எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அப்பா, "இவனுக்கு யார் பணக் கவலையைச் சொன்னது?" என்று என்னைத்தான் கேட்டார். நான் சொல்லவில்லை கண்ணு. வீட்டில் நடப்பது பிள்ளைகளுக்குத் தானாகத் தெரிந்துவிடுகிறது.

போனில் பேசினால் "சரிம்மா சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நிதானமாகப் படி.

முதலில் ஒன்று. இந்தத் தேர்வுகளை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளெப் நடக்கிற டெஸ்டிங் சென்டர் மேசையில் உட்கார்ந்து இதைத் தினமும் பார்ப்பவள் நான். ராணுவத்தில் இருப்பவர்கள் வருவார்கள், அவர்களுக்கு அரசாங்கமே கட்டணம் கட்டிவிடும். இரவு ஷிப்ட் முடித்து ஆஸ்பத்திரி உடையோடு வருகிறவர்கள் உண்டு. பேரன் பேத்தி எடுத்த பெண்கள் பதிவுச் சீட்டைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருவார்கள். நான் அடையாள அட்டையைச் சரிபார்த்து, போனை வாங்கி வைக்கச் சொல்லி, பென்சிலும் வெற்றுத்தாளும் கொடுத்து உள்ளே அனுப்புவேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வரும்போது பெரும்பாலான பாடங்களுக்கு மதிப்பெண் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கட்டுரை எழுதுகிற தேர்வுக்குத்தான் காத்திருக்க வேண்டும். பொதுவாக பாஸ் என்று கொள்ளும் 50 வந்துவிட்டது என்று தெரிந்து வருகிற முகத்தைப் பார்ப்பது எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த விஷயம்.

நம் பக்கத்திலும் இது புதிதில்லை. கோபி சித்தி திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டே தனித்தேர்வராக ப்ளஸ் டூ எழுதினாள். எந்தப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்தாய் என்று யாரும் கேட்கவில்லை, எழுதினாள், பாஸ் பண்ணினாள். எங்கே கற்றாலும் சரி, தெரிந்தால் ஒப்புக்கொள்கிறோம் என்று ஒரு கல்வி முறை சொல்வது எனக்கு நியாயமாகவே படுகிறது. காலேஜ் போர்டு என்ற அமெரிக்க அமைப்பு 1967 முதல் கிளெப்பை நடத்துகிறது. இன்று 2,900-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏதோ ஒரு அளவில் ஏற்றுக்கொள்கின்றன.

ஆனால் உன் கணக்கு எனக்கு இடிக்கிறது. நீ மெக்கானிக்கல் எஞ்சினியரிங் மாணவன். நம் டெக்சாஸில் எல்லாத் துறையினரும் படிக்க வேண்டிய பொதுப் பாடத்திட்டத்தின் 42 கிரெடிட்டில் வரலாறு 6, அரசாங்கம் 6, சமூக அறிவியல் 3. அவற்றில் நீ தேர்வு எழுதித் தாண்டக்கூடியது நிறையவே இருக்கிறது, மறுக்கவில்லை. இருந்தாலும் உன் டிகிரி எத்தனை வருடம் என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பாடங்கள் இல்லை. ஸ்டேட்டிக்ஸ் (நிலையியல்) முடித்தால்தான் அடுத்து பொருட்களின் வலிமை, அது முடிந்தால்தான் இயந்திர வடிவமைப்பு, கடைசி வருடத்தில் சீனியர் டிசைன். ஒன்று முடியாமல் அடுத்ததில் சேர முடியாது. உன் துறை கொடுத்த பாடவரிசை அட்டவணையை எடுத்துப் பார். வரலாறும் சமூகவியலும் முழுக்க மறைந்துவிட்டாலும் அந்த வரிசை அப்படியே எட்டு செமஸ்டருக்கு நீளுகிறது. அதை ஏழாகச் சுருக்க வேண்டுமானால் கோடையில் எஞ்சினியரிங் வகுப்பு எடுக்க வேண்டும். வரலாற்றுத் தேர்வால் அது நடக்காது.

கட்டணமும் அப்படித்தான். உன் கல்லூரியில் 12 கிரெடிட்டுக்கு மேல் எத்தனை எடுத்தாலும் ஒரே தொகை. ஒரு வகுப்பைக் குறைத்தால் பில் குறையாது. முழு செமஸ்டரே குறைந்தால்தான் பணம் மிச்சம், அதற்கு அந்த வரிசை இடம் கொடுக்கவில்லை. எங்களுக்காக என்று நினைத்து நீ இந்த மாதம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டால், எங்களுக்கு அதில் ஒரு டாலர்கூட வராது. இதை நீ தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் முதல் விருப்பம்.

அப்படியானால் எதற்கு எழுதுவது? மூன்றாம் வருடத்துக்காக. திரவ இயக்கவியல், வெப்பப் பரிமாற்றம், இயந்திர வடிவமைப்பு, லேப் எல்லாம் சேர்ந்து வருகிற அந்த வருடத்தில் வரலாறும் அரசாங்கமும் உன் அட்டவணையில் இல்லாமல் இருந்தால் எவ்வளவு மூச்சு விட முடியும் என்று யோசி. 16 கிரெடிட் இருக்க வேண்டிய இடத்தில் 13. வாரத்தில் ஒரு முழு மாலை உன் கையில். இன்டர்ன்ஷிப் நேர்காணலுக்கு ஒரு நாள் போய்வர முடியும். அந்த இடத்தை இன்னொரு வகுப்பைப் போட்டு நிரப்பிவிடாதே, அது காலியாகவே இருக்கட்டும். தேர்வு எழுதி வாங்கும் கிரெடிட்டை நான் பாரம் குறைக்கிற வழியாகப் பார்க்கிறேன். நீ அதை வேகமாக ஓடுகிற வழியாகப் பார்க்கிறாய். நம் இருவருக்கும் இதில்தான் வித்தியாசம்.

ஒன்று கவனி. எவ்வளவு குறைத்தாலும் ஒரு செமஸ்டரில் 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்காதே. தேர்வில் கிடைத்த கிரெடிட், அந்த செமஸ்டரில் நீ சேர்ந்து படிக்கும் கணக்கில் வராது. 9 வகுப்பில், 3 கிளெப்பில் என்று காட்டி முழுநேர மாணவன் என்று சொல்ல முடியாது. உன் ஸ்காலர்ஷிப் போய்விடும்.

இந்த செமஸ்டருக்கு வருவோம். இப்போது உன் கையில் ஸ்டேட்டிக்ஸ், தெர்மோ (வெப்ப இயக்கவியல்), கால்குலஸ் மூன்று, இரண்டாம் ஃபிசிக்ஸ், அதன் லேப். இவற்றில் வாங்கும் கிரேடு ஒவ்வொன்றும் ஜிபிஏ என்கிற சராசரியில் ஏறும், டிரான்ஸ்கிரிப்ட் என்கிற மதிப்பெண் பட்டியலில் நிற்கும். கிளெப்பில் 50 வாங்கினாலும் 75 வாங்கினாலும் பெரும்பாலான கல்லூரிகளில் கிரெடிட் மட்டும்தான், ஜிபிஏவுக்கு அது ஒன்றும் செய்யாது. வரலாற்றில் நீ வாங்கும் 75, தெர்மோவில் விழுந்த சி-யைத் தூக்கி நிறுத்தாது. அப்புறம் தெர்மோவை நடுவில் கைவிட வேண்டி வந்தால், டெக்சாஸ் பொதுக் கல்லூரிகளில் படிப்பு முழுவதற்கும் ஆறு வகுப்பு வரைதான் அப்படிக் கைவிட அனுமதி. அதில் ஒன்றை இதற்காகச் செலவழிக்க வேண்டாம்.

நவம்பர் கடைசியில் எங்கள் சென்டரில் இடம் கிடைக்காது. தேங்க்ஸ்கிவிங் முடிந்த அடுத்த வாரம் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். ஃபைனல்ஸ் என்கிற செமஸ்டர் இறுதித் தேர்வுகளுக்கும் கிளெப்புக்கும் ஒரே வாரத்தில் படித்துவிட்டு, கண்ணெல்லாம் சிவந்து, காபி வாசனையோடு வந்து நிற்பார்கள். 46, 47 என்று பார்த்துவிட்டு வெளியே வந்து, "நாளைக்கே திரும்ப எழுதலாமா?" என்று கேட்பார்கள். அதே தேர்வை மறுபடி எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. ஒரு வாரம் தள்ளி வந்திருந்தால் பாஸ் பண்ணியிருப்பார்கள். ஒவ்வொரு வருடமும் இதைப் பார்த்து எனக்கு மனசு கேட்பதில்லை. அந்த வரிசையில் உன்னை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அதனால் இந்த செமஸ்டர் ஒன்றும் வேண்டாம். ஃபைனல்ஸ் முடித்துவிட்டு வீட்டுக்கு வா. முதல் வாரம் தூங்கு. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை எப்படியும் சென்டர்கள் மூடியிருக்கும், அந்த நாட்களில் படி. ஜனவரியில் திறந்ததும், ஸ்பிரிங் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் ஒரு தேர்வு எழுது. அது நன்றாகப் போனால் மே மாதம் இன்னொன்று, கோடையில் மற்றது. வகுப்பு நடக்கிற மாதங்களில் வகுப்பு மட்டும்.

முதலில் எதை எழுதுவது என்றால், வரலாறு இரண்டாம் பாகத்தை எழுது. நீ முதல் பாகத்தை முதலில் போட்டிருக்கிறாய், வரிசைப்படி அது சரிதான், ஆனால் உனக்கு அது கஷ்டம். டெக்சாஸ் பள்ளிகளில் 1877 வரையிலான அமெரிக்க வரலாற்றை எட்டாம் வகுப்பில் நடத்திவிடுகிறார்கள். நீ இங்கே வந்து சேர்ந்ததே ஒன்பதாம் வகுப்பில். அதற்கு முன்பு நீ ஈரோட்டில் சோழர்களையும் டெல்லி சுல்தான்களையும் படித்துக்கொண்டிருந்தாய். காலனிகள், அரசியலமைப்பு மாநாடு, ஜாக்சன் காலம், உள்நாட்டுப் போருக்கு முந்தைய சமரசங்கள் எதையும் உனக்கு யாரும் வகுப்பில் சொல்லித் தந்ததில்லை. முதல் பாகத்தில் வருவது அதுதான், அதிலும் கேள்விகளில் பெரும்பகுதி 1790-லிருந்து 1877 வரை. இரண்டாம் பாகம் 1865-லிருந்து இன்றுவரை. அதில் அதிகம் கேட்பது 1915-க்குப் பிறகு. பெருமந்தநிலை, இரண்டாம் உலகப் போர், சிவில் உரிமைப் போராட்டம், வியட்நாம் எல்லாம் நீ பதினொன்றாம் வகுப்பில் விரும்பிப் படித்தவை. சாப்பாட்டு மேசையில் மார்ட்டின் லூதர் கிங் பற்றி அப்பாவுக்குப் பாடம் எடுத்தவன் நீ.

90 நிமிடத்தில் சுமார் 120 கேள்வி. ஒரு கேள்விக்கு முக்கால் நிமிடம்தான். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் எதையும் காலியாக விடாதே. நம் ஊர் பரீட்சை போலப் பக்கம் பக்கமாக எழுதித் தெரிந்ததைக் காட்ட இங்கே இடமில்லை. ஆண்டுகளை மனப்பாடம் செய்வதைவிட எதற்குப் பின்னால் எது வந்தது, ஏன் வந்தது என்பது தெரிந்தால் போதும். படிக்க ஆரம்பிக்கும் முன்பே ஒரு மாதிரித் தேர்வை எழுதிப் பார். எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும், தெரிந்ததையே திரும்பப் படித்து நாளைக் கழிக்க மாட்டாய். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற இணையதளத்தில் இந்தப் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. அங்கே பாடத்தை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரும் கேட்டு வாங்கலாம். ஏறக்குறைய நூறு டாலர் மிச்சம். பணம் மிச்சப்படுத்த ஆசையாக இருந்தால் இங்கே மிச்சப்படுத்து!

அரசாங்கத் தேர்வில் ஒரு சிக்கல் உண்டு. இந்த மாநிலச் சட்டப்படி டிகிரி வாங்க அமெரிக்க அரசியலமைப்போடு டெக்சாஸ் அரசியலமைப்பும் படித்திருக்க வேண்டும். கிளெப் தேர்வு நாடு முழுவதற்கும் பொதுவானது, அதில் டெக்சாஸ் பகுதி கிடையாது. சில கல்லூரிகள் தனியாக ஒரு சின்னத் தேர்வு வைத்து அதைச் சரிக்கட்டுகின்றன, சில இடங்களில் வகுப்பே எடுக்க வேண்டும். உன் கல்லூரியில் எப்படி என்று கேட்காமல் அதற்குப் பணம் கட்டாதே. சமூகவியல் சுலபம்தான், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

கால்குலஸ் மூன்றுக்கு கிளெப் கிடையாது என்பது உனக்கே தெரியும். இருந்திருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். உன் தொழிலுக்கு அடிப்படையான பாடத்தை ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து, சந்தேகம் கேட்டு, வீட்டுப் பாடம் செய்து படிக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத் தேர்வு நீ பாடத்தைத் தொட்டிருக்கிறாய் என்று சொல்லும். நாளைக்கு ஒரு பாலமோ எஞ்சினோ உன் கணக்கை நம்பி நிற்கும்போது அது போதாது.

வரலாற்றையும் வெறும் கிரெடிட்டாக நினைக்காதே என்று சொல்ல ஆசைதான். இந்த நாட்டில்தான் நீ ஓட்டுப் போடப் போகிறாய். தேர்வு முடிந்த பிறகும் எப்போதாவது அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்.

இந்த வாரமே, பாடம் தேர்ந்தெடுக்க வழிகாட்டும் உன் கல்லூரி அட்வைசரிடம் நேரம் வாங்கு. ஸ்பிரிங் பதிவு திறப்பதற்கு முன் போ, அப்புறம் அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது. மூன்று விஷயம் கேள்: ஒவ்வொரு தேர்வுக்கும் உன் கல்லூரி கேட்கும் மதிப்பெண் என்ன, அது பட்டியலில் எந்தப் பாடத்துக்குப் பதிலாக ஏறும், மதிப்பெண் வந்ததும் தானாக ஏறுமா இல்லை நீ விண்ணப்பிக்க வேண்டுமா. 50 என்பது அமெரிக்கக் கல்விக் கவுன்சிலின் பரிந்துரை மட்டுமே, முடிவு கல்லூரியின் கையில். பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள். வாயால் சொன்னதை நம்பிப் பணம் கட்டியவர்கள் என் மேசைக்கு வந்து கண்கலங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

பணத்தைப் பற்றி அப்பாவே உன்னிடம் பேசுவார். இந்த வருடம் எல்லாம் கட்டியாகிவிட்டது, அடுத்த வருடத்துக்கும் வழி இருக்கிறது. கேட்டால் கணக்கைக் காட்டச் சொல்லியிருக்கிறேன். உனக்கு 19 வயது, தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

ஜனவரி தேர்வை எங்கள் சென்டரில் எழுத வேண்டாம். நான் வேலை செய்கிற இடத்தில் என் பிள்ளை எழுதுவது சரியாக இருக்காது. வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இன்னொரு கல்லூரி இருக்கிறது. அங்கே காலை ஒன்பது மணிக்கு முதல் அமர்வு. எந்த நாள் வேண்டும் என்று அட்வைசரைப் பார்த்துவிட்டுச் சொல், நான் லீவு போட்டு உன்னைக் கொண்டுபோய் விடுகிறேன்.

அன்புடன்,
அம்மா