செயலாளரின் ஆண்டறிக்கை: தெருக் கூடைப்பந்தும் ஹிப்-ஹாப்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆட்டக்காரத் தம்பி தங்கையரே, கோடை முழுதும் திடலோரம் துணைநின்ற பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம். நியூயார்க் குயின்ஸ் பகுதியில் இயங்கும் நம் கூடைப்பந்துச் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு கேள்வி எழுந்தது. பிள்ளைகள் பந்தாடத்தானே சங்கம், டி.ஜே.வுக்கும் ஸ்பீக்கருக்கும் எதற்குச் செலவு என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. செயற்குழு அதை எடுத்துக்கொண்டு பேசியதன் விளைவே இவ்வறிக்கையின் பெரும்பகுதி.

இந்த நகரத்தில் பந்தும் பாட்டும் ஒரே தார்த்தரையில் வளர்ந்தவை. ஹார்லமில் பூங்காத் துறைப் பணியாளராக இருந்த ஹோல்கோம்ப் ரக்கர் 1950-இல் சிறுவர்களைத் திரட்டிப் போட்டி நடத்தத் தொடங்கினார். ஆட வரும் பையனின் படிப்பையும் அவர் விடாமல் கவனித்தார்; ஆட்டத்தின் வழியே பல நூறு பேருக்குக் கல்லூரி உதவித்தொகை கிடைக்கக் காரணமாக இருந்தார். வில்ட் சேம்பர்லின், ஜூலியஸ் எர்விங் போன்ற பெரும் ஆட்டக்காரர்கள் அவர் பெயரிலான போட்டியில் வந்து ஆடினார்கள். 1965-இல், நாற்பது வயதுகூட ஆகாமல், ரக்கர் மறைந்தார். 155-ஆம் தெருவும் எட்டாம் அவென்யூவும் கூடும் இடத்திலுள்ள திடலுக்கு 1974-இல் அவர் பெயரைச் சூட்டினார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, ஹார்லம் ஆற்றின் அக்கரையில், பிராங்க்ஸின் 1520 செட்ஜ்விக் அவென்யூவில் ஒரு விருந்து நடந்தது. ஆகஸ்ட் 11, 1973 அன்று டி.ஜே. கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றிய அந்த இரவைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். பாட்டில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகளை, ஒரே தட்டின் இரு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி அவர் நீட்டினார். நடனமாட வந்தவர்கள் அந்த நொடிகளுக்காகத்தான் காத்திருந்தார்கள். விரைவிலேயே இந்த விருந்துகள் பூங்காக்களுக்கும் பள்ளித் திடல்களுக்கும் வந்தன. விளக்குக் கம்பத்தின் அடிமூடியைத் திறந்து மின்சாரம் எடுத்த காலம் அது. பந்தாடும் இடமும் பாட்டு ஒலிக்கும் இடமும் ஒன்றே என்பதால் இரண்டிலும் அதே இளைஞர்கள்தாம் இருந்தார்கள்.

இந்த உறவு முழு வடிவம் பெற்றது 1982-இல். டிஸ்கோ ஃபோர் என்ற ராப் குழுவைச் சேர்ந்த கிரெக் மாரியஸ், கிராஷ் க்ரூ என்ற இன்னொரு ராப் குழுவோடு கூடைப்பந்து ஆடிப் பார்க்க முடிவு செய்தார். பாடகர்களுக்குள் நடந்த அந்த ஆட்டமே வளர்ந்து, என்டர்டெய்னர்ஸ் பேஸ்கட்பால் கிளாசிக் என்ற போட்டியாகி, 1987-இல் ரக்கர் திடலுக்கு இடம் மாறியது. அங்கே மைக் பிடித்த டியூக் டாங்கோ, ஹானிபல் போன்றவர்கள் புள்ளியை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்து, நல்ல நகர்வைக் கண்ட கணமே அதைப் பாட்டாக்கினார்கள். ரேஃபர் ஆல்ஸ்டன் ஊருக்கெல்லாம் ‘ஸ்கிப் டு மை லூ’ ஆனது அப்படித்தான். அவருடைய ஆட்டப் பதிவுகளை ஹிப்-ஹாப் தாளத்தோடு இணைத்து ஆண்ட்-1 காலணி நிறுவனம் வெளியிட்ட ஒளிநாடா, தெரு ஆட்டத்தை நாடு முழுவதும் கொண்டுபோனது. ஆல்ஸ்டனும் 1998-இல், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் ஆட்டக்காரர் தெரிவில் எடுக்கப்பட்டார்.

2003 கோடையில் இதே ரக்கர் திடல் போட்டியில் ராப் பாடகர்களான ஜே-இசட் ஓர் அணியையும் ஃபாட் ஜோ ஓர் அணியையும் இறக்கியது பலருக்கு நினைவிருக்கும். ஆகஸ்ட் 14 அன்று நகரமே இருளில் மூழ்கிய மின்வெட்டில் அவர்களுடைய ஆட்டம் நின்றுபோனது. பிறகு குறித்த நாளில் ஜே-இசட் அணி வரவில்லை. கோப்பை ஃபாட் ஜோ அணிக்குப் போனது. மேற்கு 4-ஆம் தெருவில் ‘கூண்டு’ என்று அழைக்கப்படும் திடல், இன்வுட் பகுதியில் 1990 முதல் நடக்கும் டைக்மன் போட்டி இரண்டுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. கூண்டின் கோர்ட் அளவில் சிறியது. அதனால் அங்கே ஆட்டம் நெருக்கமாக, தோளோடு தோள் மோதி நடக்கும்.

ஆக, மைக் பிடித்து ஆட்டத்தை வருணிக்கும் எம்.சி.யும் பாட்டு ஒலிக்கும் டி.ஜே.யும் இல்லாமல் போட்டி நடத்தினால் இந்த மரபில் பாதியைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம் என்பது செயற்குழுவின் ஒருமித்த கருத்து. புள்ளிப்பட்டியல் யார் எத்தனை கூடை போட்டார் என்று சொல்லும். எப்படிப் போட்டார் என்பதைச் சொல்ல எம்.சி.தான் வேண்டும். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு மைக்கில் ஒரு பட்டப்பெயர் கிடைத்தால் அடுத்த வாரம் அவள் தோழிகளையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். இதைக் கண்கூடாகப் பார்க்கிறோம்.

இனி நடைமுறை. அடுத்த ஆண்டு பொறுப்பேற்பவர்களுக்கு உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அனுமதி இரண்டு வேண்டும். இருபது பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் பூங்காத் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 25 டாலர், முடிவு வர மூன்று நான்கு வாரம் ஆகும். ஒலிபெருக்கிக்கான அனுமதியைத் தனியாக வட்டாரக் காவல் நிலையத்தில் வாங்க வேண்டும். கட்டணம் 45 டாலர். பூங்கா அனுமதித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள், வேலை சுலபமாக முடியும்.

ரிங், போர்டு எல்லாம் நகராட்சியின் உடைமை. பழுது தெரிந்தால் நகராட்சியின் புகார் எண்ணான 311-க்குச் சொல்ல வேண்டுமே தவிர நாமே ஸ்பேனரோடு ஏறக் கூடாது. போட்டிக்கு முன் பார்க்க வேண்டியவை: ரிங்கின் முன்விளிம்பு தரையிலிருந்து சரியாக 10 அடி இருக்கிறதா, பிள்ளைகள் தொங்கித் தொங்கி முன்பக்கம் தாழ்ந்திருக்கிறதா, சங்கிலி நெட்டின் கொக்கி ஏதும் வாய்பிளந்து நிற்கிறதா. திறந்த கொக்கி விரலைக் கிழிக்கும். சங்கிலி நெட் பல காலம் உழைக்கும், பந்து விழும்போது எழும் சலசலப்பும் நன்றாக இருக்கும். ஆனால் பந்தின் தோலைச் சீக்கிரம் தேய்த்துவிடும். இரட்டைக் கம்பி ரிங் கொஞ்சமும் வளைந்துகொடுக்காது. தொலைவிலிருந்து எறியும் பந்து விளிம்பில் பட்டால் தெறித்து ஓடிவிடும், காற்றும் சேர்ந்து அலைக்கழிக்கும். நியூயார்க் பிள்ளைகள் பந்தைத் தட்டிக்கொண்டே உள்ளே புகுவதில் தேர்ந்தவர்களாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நம் பயிற்சியாளர்கள் இத்தகைய ரிங்கில் போர்டில் பட்டு விழும் எறிதலைத்தான் முதலில் கற்றுத்தர வேண்டும்.

தோல் பந்தைத் தார்த்தரைக்குக் கொண்டுவராதீர்கள். ரப்பர் பந்தோ வெளிக்களத்துக்கான செயற்கைத் தோல் பந்தோ போதும். காற்றழுத்தம் 7.5 முதல் 8.5 பி.எஸ்.ஐ. வரை இருக்கலாம். காலையில் குளிரூட்டிய அறையில் நிரப்பிய பந்து மதியத் தார்த்தரையில் கல்போல் இறுகிவிடும். ஆகவே திடலிலேயே, ஆட்டத்துக்குச் சற்று முன் அளந்து நிரப்புங்கள். அழுத்தமானி இல்லையென்றால் 6 அடி உயரத்திலிருந்து பந்தை விடுங்கள். எழும்பும்போது அதன் உச்சி 49 முதல் 54 அங்குலத்துக்குள் வந்தால் சரி.

ஒலியமைப்புக்கு 2,000 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் ஒன்று நமக்குப் போதுமானது. சாதாரண ஜெனரேட்டரில் மின்னழுத்தம் ஏறி இறங்கும், ஸ்பீக்கரில் இரைச்சல் வரும். விளக்குக் கம்பத்தில் கை வைப்பது சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து. 100 அடிக்கு நீளும் கம்பி 12 கேஜ் தடிமன் இருக்கட்டும். மெல்லிய கம்பி சூடேறும், கடைசியில் ஆம்ப்ளிஃபயர் அணைந்துபோகும். எம்.சி. ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்தால் மைக் கூவும் என்பதால், ஸ்பீக்கர்களைக் கோர்ட்டின் இரு மூலையிலும் பார்வையாளர் பக்கம் திருப்பி வையுங்கள். தட்டு சுழற்றுபவர்கள் வந்தால் மேசைக்குப் பின்னால் காற்றுத்தடுப்பும் மேலே நிழலும் கட்டாயம். வெயில் பட்ட வினைல் தட்டு சற்று நேரத்தில் நெளிந்துவிடும், காற்றில் ஊசி தாவும். மேசையை ஸ்பீக்கரிலிருந்து தள்ளிப் போடாவிட்டால் அடித்தாளத்தின் அதிர்விலும் ஊசி தாவும்.

பாட்டுத் தேர்வில் ஒரு கண்டிப்பு: வானொலிக்கென வெட்டிய பதிப்பு மட்டும்தான். அதையும் முழுதாகக் கேட்டுப் பார்த்த பிறகே பட்டியலில் சேர்க்க வேண்டும். தலைப்பை நம்ப முடியாது. ஆட்டம் ஓடும்போது சொல் இல்லாத தாளம் தாழ்ந்த ஒலியில் போகட்டும், இடைவேளையில் முழுப் பாட்டு போகட்டும். நடுவரின் விசில் கேட்காத அளவுக்கு ஒலி போனால் டி.ஜே. உடனே குறைக்க வேண்டும். எம்.சி. ஆட்டக்காரரின் திறமையைப் பேசலாம். உருவத்தையோ நிறத்தையோ பேசக் கூடாது. தவறவிட்ட சிறு பிள்ளையைக் கேலி செய்தால் மைக் அப்போதே கைமாறும்.

போட்டி இல்லாத நாட்களில் வழக்கமான திடல் விதிகளே: 11 புள்ளி எடுத்தால் வெற்றி, ஒரு கூடைக்கு ஒன்று, வளைகோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் இரண்டு, வென்ற அணி அடுத்த ஆட்டத்துக்கும் திடலில் இருக்கும். அடுத்த ஆட்டம் யாருடையது என்பதை வந்தவுடன் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். ஃபவுல் பட்டவரே சொல்ல வேண்டும். சொன்னபின் வாக்குவாதம் நீண்டால் ஒரு பந்தை ரிங்கை நோக்கி எறிந்து, அது விழுகிறதா என்பதை வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்மொழிகிறது. ஒன்று, டி.ஜே., எம்.சி., ஒலியமைப்புச் செலவை நன்கொடைக்கு விட்டுவிடாமல் ஆண்டு வரவுசெலவில் நிலையான தலைப்பாகச் சேர்ப்பது. இரண்டு, ரக்கர் காட்டிய வழியில், சனிக்கிழமைப் பயிற்சிக்கு முன் ஒரு மணி நேர வீட்டுப்பாட வகுப்பு நடத்துவது. கணிதமும் ஆங்கிலமும் சொல்லித்தர முன்வரும் பெற்றோர் இன்று கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம்.

வரவுசெலவு அறிக்கையைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். இவ்வறிக்கையையும் இரு தீர்மானங்களையும் விவாதித்து நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்