அந்தக் கோணத்தை ஏன் கீழே வரைந்தோம்?

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண்ணில் புரை எடுத்ததால் கொஞ்ச நாள் உற்றுப் பார்க்கும் வேலை எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், தாமதத்துக்கு அதுதான் காரணம். இப்போது தேவலை. பென்சில் கோடு தெளிவாகத் தெரிய ஆரம்பித்ததும் நான் முதலில் எடுத்தது உன் பேத்தியின் கணக்கைத்தான்.

அடிப்பக்கம் தெரியும், உச்சிக் கோணம் தாளில் வரைந்து கொடுத்திருக்கிறது, எத்தனை பாகை என்று சொல்லவில்லை. பாகைமானியைத் தொடக் கூடாது, அளவுகோலும் கவராயமும் மட்டும். இருசமபக்க முக்கோணம் வேண்டும்.

நேர்வழி உனக்கும் தோன்றியிருக்கும். ஒரு நேர்கோட்டின் மேல் அந்தக் கோணத்தைப் படியெடுத்தால் பக்கத்தில் மீதிக் கோணம் கிடைக்கும், அதை இருசமமாக வெட்டினால் அடிக்கோணம் வந்துவிடும், அதை இரண்டு முனையிலும் வைத்தால் கோடுகள் சந்திக்கும் இடம்தான் உச்சி. சரியான வழிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் கை நடுங்குகிறதே! 6 செ.மீ. அடிப்பக்கத்தில் 40 பாகைக் கோணத்தை வைத்துப் போட்டுப் பார்த்தேன். உயரம் 8.24 செ.மீ. வர வேண்டும். இரண்டு முனையிலும் அரைப் பாகை கூடினாலே உச்சி 39 பாகையாகி உயரம் 8.47-க்குப் போய்விடுகிறது. என்னுடையது அதையும் தாண்டிப் போயிற்று, எவ்வளவு என்று கேட்காதே.

அப்போதுதான் பத்தாம் வகுப்பில் நாம் போட்டது ஞாபகம் வந்தது. அடிப்பக்கத்துக்குக் கீழே, தலைகீழாக, உச்சிக் கோணத்தை வரையச் சொல்வார்களே! முக்கோணம் மேலே இருக்க, கோணத்தை எதற்குக் கீழே வரைய வேண்டும் என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. படிகளை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிவிட்டு வந்துவிட்டோம்.

திரும்ப வரைந்தேன். இடது முனையில் அடிப்பக்கத்துக்குக் கீழே கொடுத்த கோணம். அந்தச் சாய்ந்த கோட்டுக்கு அதே முனையில் ஒரு செங்குத்து. அடிப்பக்கத்துக்கு ஒரு மையக்குத்துக்கோடு, அதாவது அதன் நடுப்புள்ளியில் செங்குத்தாக வெட்டும் கோடு. செங்குத்தும் மையக்குத்துக்கோடும் வெட்டும் இடத்தில் கவராயத்தை ஊன்றி, இரண்டு முனையும் படும்படி வட்டம் போட்டால், மையக்குத்துக்கோடு மேலே வட்டத்தைத் தொடும் புள்ளிதான் உச்சி. எனக்கு 8.2-க்குப் பக்கத்தில் வந்தது.

கீழே வரைந்த அந்தக் கோடு வேறொன்றுமில்லை, வட்டத்தை ஒரே புள்ளியில் தொட்டுப் போகும் தொடுகோடு! ஆரத்துக்குச் செங்குத்தாக இருக்கிறதே, வேறு என்னவாக இருக்க முடியும்? தொடுகோட்டுக்கும் நாணுக்கும் (இங்கே நம் அடிப்பக்கம்தான் நாண்) நடுவே உள்ள கோணம்தான் எதிர்ப்பக்க வில்லில் எங்கே நின்று பார்த்தாலும் தெரியும். பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தன் 'எலிமெண்ட்ஸ்' நூலின் மூன்றாம் புத்தகத்தில் 33-ஆவது கூற்றாக இதையேதான் செய்து வைத்திருக்கிறார். இத்தனை வருஷம் கழித்து எனக்கு உறைக்கிறது, சிரிக்காதே.

பேத்திக்குத் தொடுகோடு இன்னும் வந்திருக்காது. அவளுக்கு இப்படிச் சொல். முனையில் செங்குத்தில் பாதி கீழே போய்விட்டது, அதாவது 90-இல் நம் கோணம் கழிந்து மீதிதான் மேலே இருக்கிறது. அதனால் மையத்தில், ஆரத்துக்கும் மையக்குத்துக்கோட்டுக்கும் நடுவே, சரியாக நம் கோணமே விழும். மையம், இடது முனை, உச்சி மூன்றையும் சேர்த்தால் அதுவே ஒரு இருசமபக்க முக்கோணம், இரண்டு பக்கமும் ஆரம்தானே. மையத்தில் இருப்பது அதன் வெளிக்கோணம், ஆகவே உச்சியில் அதில் பாதி. வலது பக்கம் இன்னொரு பாதி. கூட்டினால் முழுக் கோணம். பாதியாக்கும் வேலையை நாம் செய்யவில்லை பார், வட்டமே செய்துவிடுகிறது. ('செங்குத்தில் பாதி' என்று மேலே தவறாக எழுதிவிட்டேன், 'ஒரு பங்கு' என்று படி. அடித்து எழுதினால் தாள் அசிங்கமாகிவிடும்.)

இன்னொரு வேடிக்கை. ஒரு இருசமபக்க முக்கோணத்தின் உச்சியையே மையமாக வைத்து, அடிமுனைகள் வழியாக வட்டம் போட்டு, மேலே வெட்டும் இடத்தைப் புது உச்சியாக எடுத்தால் கோணம் பாதியாகிவிடும். 60-இல் ஆரம்பித்தால் 30, அப்புறம் 15. நான் 7½ வரைக்கும் போனேன், தாள் போதவில்லை.

அவளிடம் 120 பாகை கொடுத்துப் பார். வட்டத்தின் மையம் எங்கே போகிறது என்று அவளே கண்டுபிடிக்கட்டும், முதலில் தப்பாகத்தான் தேடுவாள், நானும் அடிப்பக்கத்துக்கு மேலேயே தேடிக்கொண்டிருந்தேன். வரைந்த தாளை அடுத்த கடிதத்தோடு அனுப்பு. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றும் எழுது, போன தடவை அதைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிட்டாய்.

உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி