கேமராவுக்குக் கேரியர் ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு விடிந்தால் போதும், தேனி சாலையில் கீழக்குயில்குடி சமணர் மலைக்கும், 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்கும், பறவை பார்க்கச் சாமநத்தம் கண்மாய்க்கும் கேமராவோடு சைக்கிளில் கிளம்பிவிடுகிறார்கள் நம் மதுரை இளைஞர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் பலரும் கேமரா பையைப் பின் கேரியரில் வைத்து, பழைய டியூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அரிசி மூட்டைக்கு அது சரி.

கேரியரின் கால்கள் பின்சக்கர அச்சை ஒட்டி முடுக்கப்பட்டவை. சக்கரம் குழியில் இறங்கினால் அந்த அடி அதிகம் குறையாமல் பைக்கு ஏறும். ஓட்டுகிறவர் உடம்பிலோ முழங்காலும் முழங்கையும் இடுப்பும் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கின்றன. ஒரே ஒரு பெரிய அடியைவிட, மணிக்கணக்கில் நீளும் சின்ன அதிர்வு மோசமானது. லென்ஸைக் கேமராவோடு பிணைக்கும் வளையத்தின் சிறு திருகாணிகள் மெல்ல இளகும். உள்ளே கண்ணாடி மயிரிழை விலகினாலும் படத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் கலங்கியும் விழும். சந்தேகம் இருந்தால் பூசாத செங்கல் சுவருக்கு நேர் எதிரே முக்காலியில் (ட்ரைபாடில்) கேமராவை நிறுத்தி, இருப்பதிலேயே குறைந்த எஃப் எண்ணில், அதாவது லென்ஸின் வாய் முழுக்கத் திறந்திருக்கும்படி, ஒரு படம் எடுத்து, நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் லென்ஸ் மெக்கானிக்கிடம் போகவேண்டியதுதான். பைக் இன்ஜின் அதிர்வு ஐபோனின் கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021-இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. சைக்கிளில் இன்ஜின் இல்லை, ஆனால் நம் கிராமத்துச் சாலைகள் இருக்கின்றன.

ஆகவே கேமரா இருக்கவேண்டிய இடம் உடம்பு. அதிலும் கழுத்தில் தொங்கவிடக் கூடாது: குனிந்து மிதிக்கும்போது ஹேண்டில்பாரில் மோதும், விழுந்தால் நெஞ்சுக்கும் ரோட்டுக்கும் நடுவே கேமரா மாட்டும். முதுகுப் பை பரவாயில்லை. ஆனால் சட்டை நனைகிற வியர்வை முழுக்கப் பைக்குள் இறங்கும், மல்லாக்க விழுந்தால் கெட்டியான கேமரா முதுகெலும்பில் குத்தும். என் கணக்கில் சிறந்தது வலது தோளிலிருந்து குறுக்காகப் போட்டு, இடது இடுப்புக்குப் பின்னால் உட்காரும் சின்னப் பை. வலப்பக்கம் உரசிப்போகும் பஸ்ஸின் எதிலும் அது சிக்காது. தோளில் போடும் பட்டை மட்டும் போதாது. நாலு மிதி மிதித்ததும் பை முன்னால் சரிந்து முழங்காலை இடிக்கும். பை தைப்பவரிடம் கொடுத்து ஓர் அங்குல நைலான் பெல்ட்டும் கிளிப்பும் வைத்து இடுப்புப் பட்டை ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் தொங்கும் பட்டை நுனியைச் சுருட்டி ரப்பர் பேண்டு போடுங்கள். அது ஸ்போக்ஸ் கம்பியில் சிக்கினால் சக்கரம் அப்படியே நின்றுவிடும்.

பைக்குள் சோபா ஸ்பாஞ்ச் வைப்பது வீண். விரலால் அழுத்தினால் அடித்தட்டு தட்டுப்படுகிற எதுவும் அடியைத் தாங்காது. தெர்மோகோல் உதிர்ந்து லென்ஸ் இடுக்கில் புகும். யோகா பாய் விற்கிறார்களே, அந்த மாதிரி 10 மில்லிமீட்டர் கெட்டி ஃபோமை வெட்டி அடியில் இரண்டு அடுக்கும், பக்கங்களில் ஓர் அடுக்கும் வையுங்கள். கேமரா ஆடாமல் உட்காரவேண்டும், ஆனால் பிதுங்கக் கூடாது.

பறவைப் படம் எடுப்பவர்களின் 150-600 மி.மீ. தொலைநோக்கு ஜூம் லென்ஸ் மட்டுமே ஏறக்குறைய 2 கிலோ. அதைக் கேமராவில் மாட்டியபடி கொண்டுபோனால் அத்தனை எடையும் அந்த வளையத்தில்தான் இழுக்கும். கழற்றி, இரு முனையும் மூடி, ஜூம் பூட்டைப் போட்டுத் தனியே வையுங்கள். இதைக் கேரியரில்தான் வைத்தாக வேண்டுமென்றால் அடி ஃபோமை மூன்று அடுக்காக்கி, பின் டயரில் காற்றைச் சற்றுக் குறையுங்கள். டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் குறைந்த அளவுக்குக் கீழே போனால் குழியில் டியூப் ரிம்மோடு நசுங்கிப் பஞ்சராகும். வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடைகளில் சீட்டைவிட்டு எழுந்து நின்று கடப்பது டயருக்கும் நல்லது.

ஏசி அறையிலிருந்து கேமராவை எடுத்தவுடன் வெளிக்காற்றில் திறக்காதீர்கள். கண்ணாடியில் பனி கட்டும். இரவே எடுத்து ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிட்டால் தீர்ந்தது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வெளியே உறை போட்டாலும் அடியில் தண்ணீர் தேங்கும். ஆகவே உள்ளே தடித்த ஜிப் கவர் ஒன்று கட்டாயம். பெரும்பாலான கேமராக்களுக்கு 40 டிகிரிதான் எல்லை. சித்திரை வெயிலில் கறுப்புப் பை அதைச் சுலபமாகத் தாண்டும். ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

வீடு வந்ததும் பையோடு அலமாரியில் வைப்பதுதான் பூஞ்சைக்கு வழி. கேமராவையும் லென்ஸையும் வெளியே எடுத்துத் துடைத்து, காலிப் பையை விசிறிக்குக் கீழே அரைநாள் திறந்து போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழங்காநத்தம், மதுரை.