ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) சங்கச் செயலர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் 11 உறுப்பினர்களுக்கும் வணக்கம். பதிவேட்டில் நாம் 43 பேர்.

ஞாயிறு காலை நெட், அதாவது வானொலியில் எல்லோரும் கூடிப் பேசுவது, தவறாமல் நடந்தது. மோர்ஸ் வகுப்பு இரண்டு மாதம் ஓடியது. நம் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டருக்குப் புது பேட்டரி போட்டாயிற்று.

அப்புறம் டிவி விஷயம். "நமக்கெதற்கு டிவி ரிப்பீட்டர்?" என்று போன பொதுக்குழுவில் கேட்டார்கள். டவர் போட நம்மிடம் பணமில்லை, உண்மைதான். ஆனால் 2018 நவம்பரில் ஏவிய எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோளில் ஹாம்களுக்கென்றே ரிப்பீட்டர் இருக்கிறது. கியூஓ-100 என்பார்கள். அதில் டிவிக்கு மட்டும் 8 மெகாஹெர்ட்ஸ். 2.4 கிகாஹெர்ட்ஸில் நாம் ஏற்றினால் 10.49 கிகாஹெர்ட்ஸில் இறங்கும். நமக்கு வாடகையும் இல்லை, கரன்ட் பில்லும் இல்லை.

கேபிள்காரர் ஒருவர் கழித்துப்போட்ட நாலடி டிஷ்ஷை மொட்டைமாடியில் மேற்கே திருப்பி வைத்தோம். ஐரோப்பியர்கள் எழுதியதைப் படித்து எல்என்பியை, அதாவது டிஷ் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் கருவியை, லேசாகத் திருப்பினோம். நாலு ஞாயிறும் வெறும் இரைச்சல். செயற்கைக்கோள் 25.9 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு நேர்மேலே நிற்கிறது. திருச்சியிலிருந்து பார்த்தால் மேற்கே தாழ்ந்து கிடக்கிறது. அதனால் எல்என்பியை 75 டிகிரிக்கு மேல் முறுக்க வேண்டுமாம். இல்லையென்றால் டிவி வரும் கிடை அலையைப் பிடிக்கச் சொல்லும் 18 வோல்ட்டை எல்என்பிக்குக் கொடுத்தாலும் டிவி வராது, ஹாம்கள் பேசும் பட்டைதான் வரும். ஐந்தாம் ஞாயிறு படம் விழுந்தது: யாரோ ஒரு ஹாமின் மேசை, பின்னால் அலமாரி, அதன்மேல் பூனை. பக்கத்து வீட்டுத் தென்னை ஆடும்போது மட்டும் பூனை கட்டம் கட்டமாக உடைந்தது. மாடியில் அன்று இருந்தது மூன்று பேர். வாட்ஸ்அப்பில் கை தட்டியவர்கள் 26.

ஹாம் டிவி சிக்னலைப் பிடிக்கும் மினிட்யூனர் பெட்டி ஏன் வாங்கினீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். சாதாரண செட்டாப் பாக்ஸ் 950 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. எல்என்பி இறக்கி நமக்குத் தருவதோ 741-ல். அதுவும் என் கைக்காசு. குறையாகச் சொல்லவில்லை, பதிவில் இருக்கட்டும் என்றுதான்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, விவரம் பொருளாளரிடம். சந்தா பாக்கி 19 பேர். பெயர் வாசிக்கப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும். இடம் தந்த பள்ளிக்கும், ஏணி தந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும் நன்றி. தென்னையைப் பற்றி அவரிடம் இன்னும் பேசவில்லை.

அடுத்த ஆண்டு நாமும் படம் அனுப்ப ஆசை. முதலில் அனுமதி விவரம் விசாரிக்க வேண்டும், பிறகு பவர் ஆம்ப்ளிஃபயர். பாக்கி வந்தால் பாதிச் செலவு தீரும். செயலர் பொறுப்புக்கு வேறு யாரேனும் முன்வந்தால் மாடிச் சாவியை இன்றே கொடுத்துவிடுகிறேன். டிஷ்ஷை மட்டும் அசைக்க வேண்டாம்.